இறைச்சிக்கு வேற லைன்

"சாமி ரூமுக்குப் போற கரண்ட் லைன்லதான் எறச்சி ஷெட்டும் இருக்கணும் ஆன்ட்டி. ரெண்டும் ஒண்ணாப் போகணும்."

லிபி இதைச் சொன்னது அடுக்களையின் பின்வாசல் படியில் நின்றுகொண்டு. உள்ளே முத்தாரம்மாள் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் இன்னும் கோபம் ஏறவில்லை; காதில் விழுந்தது சரிதானா என்ற சந்தேகம்தான் இருந்தது.

கரமனையில் இருக்கும் இந்த வீட்டில் இதை மட்டும் கேட்கக்கூடாது என்று லிபிக்கு இரண்டு பேர் சொல்லியிருந்தார்கள். ஒருவன் வீட்டு மகன் அனீஷ். "வேற எந்து வேணும்னாலும் என்கிட்ட கேளு. அம்மைட்ட போய் சாமி ரூம் லைன் காரியம் மட்டும் பேசிடாதே" என்று வந்த புதிதிலேயே கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லியிருந்தான். இன்னொருத்தி லிபியைப் பெற்றவள், தாசம்மாள். அவள் சற்று முன்புதான் பின்புறத்து ஷெட்டில் வைத்து மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம் மக்கா, அத மட்டும் கேக்காத" என்றிருந்தாள். லிபி கையை உதறிக்கொண்டு வந்திருந்தாள்.

எல்லாம் ஒரு இட்லிப் பெட்டியில் ஆரம்பித்தது.

கிழக்கேகோட்டையில் ஒரு சைவ ஹோட்டலைப் பூட்டியபோது அங்கிருந்த தட்டுமுட்டுச் சாமான்களை விற்றார்கள். அதில் ஒன்று, தட்டுத்தட்டாக அடுக்கி ஒரே நேரத்தில் ஒரு கல்யாணத்துக்கே இட்லி அவிக்கும் ஆளுயர ஸ்டீல் பெட்டி. அதைத் தூக்கிக்கொண்டு வந்தவன் அனீஷ். சார்ஜாவில் பெரிய ஹோட்டல் ஒன்றில் சாசேஜும் ஹாமும் போட்டுப் பழகியவன் அவன். வேலை போய் ஊருக்கு வந்த பிறகு, புகை போட்ட இறைச்சியை வீட்டிலேயே செய்து விற்றால் என்ன என்று தோன்றிவிட்டது. விறகுப் புகை என்றால் அக்கம்பக்கத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். மின்சாரத்தில் ஓடும் புகைப்பெட்டி வேண்டும். வெளியிலிருந்து வரவழைக்கிற வசதி இல்லை. அப்படி இருக்கும்போதுதான் அவன் வீட்டு இன்வெர்ட்டரைப் பார்க்க ஒரு கம்பெனியிலிருந்து லிபி வந்தாள்.

"நான் செஞ்சு தாறேன்" என்றாள், கேட்காமலே.

"நீயோ?"

"ஏன், நாலு வருஷம் எலக்ட்ரிக்கல் படிச்சவளுக்கு ஒரு கரண்ட் அடுப்பு கட்டத் தெரியாதா?"

போனக்காட்டு எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். அன்றைக்கு லயமே கூடி நின்று வாழ்த்தியது. அந்தப் பட்டம் கொடுத்ததோ தோளில் ஒரு டூல் பையும், வீடு வீடாகப் போய், "பையன் யாரும் வரலியா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் உத்தியோகமும்தான். அதனால் அந்த இட்லிப் பெட்டியைப் பார்த்ததும் அவளுக்கு வெறி பிடித்துவிட்டது. யாரோ செய்ததைப் பழுது பார்ப்பதல்ல இது. முதலிலிருந்து கடைசிவரை அவள் கையால் ஆகப்போவது.

அனீஷ் பழைய இரும்பு அலமாரி ஒன்றையும் வாங்கி வைத்திருந்தான். அது கூடவே கூடாது என்றாள். பெயிண்ட் சூடானால் அந்த விஷமெல்லாம் இறைச்சியில்தான் போய் ஏறும். ஸ்டீல் பெட்டியின் அடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியை வெட்டி எடுத்தாள். அங்கே நீளமான ஹீட்டர் கம்பி ஒன்றைப் படுக்க வைத்தாள். தேங்காய்ச் சிரட்டைத் துண்டும் பலா மரத்தூளும் கனிந்து புகைய தனியாக ஒரு தட்டு, அதன் கீழே ஒரு சின்னச் சுருள். உள்ளே எவ்வளவு சூடு என்று பார்த்து ஹீட்டரை அணைத்துப் போடும் கண்ட்ரோலர். இட்லித் தட்டு இருந்த இடத்தில் சாசேஜ் சரங்களைத் தொங்கவிடக் கம்பிகள். மேலே புகை போக ஒரு குழாய், அதைக் கூட்டிக் குறைக்க ஒரு மூடி.

முதல் தடவை சூடு எகிறி எல்லாத் தோலும் வெடித்துப் போயிற்று. இரண்டாம் தடவை கொழுப்பு சொட்டி மரத்தூளில் விழுந்து தீயே பிடித்தது. அப்புறம்தான் நடுவில் ஒரு தகடு சாய்த்து வைத்தாள். அதற்கடுத்த தடவை கதவைத் திறந்தபோது, சரம் சரமாக, நல்ல நெய்ப்பழுப்பில் ஒரே சீராக வெந்து தொங்கியது. அனீஷ் ஒன்றை அறுத்து வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். "அடிபொளி" என்றான். அன்றைக்கு லிபி நேமத்தில் இருக்கும் தன் ஒற்றை அறைக்கு நடந்தே போனாள். பஸ்ஸில் ஏறி யார் மேலும் இடித்துக்கொண்டு நிற்கிற மனநிலை இல்லை.

இறைச்சியைக் குடலில் நிரப்ப, முறுக்கிக் கட்ட, தொங்கவிட ஒரு ஆள் தேவைப்பட்டது. லிபி மலையிலிருந்து தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அதற்கு முன்னால் தாயும் மகளும் சேர்ந்து ஒரு கூரைக்கடியில் இருந்தது எப்போது என்று யோசித்தால், பள்ளிக்கூட ஹாஸ்டலுக்குப் போகும் முன்னால். இப்போது ராத்திரி இருவரும் ஒரே பாயில் கிடந்து கதை பேசினார்கள். தாசம்மாள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே, "இது இப்படியே கெடந்தா போதும் மக்கா" என்பாள். எது என்று லிபி கேட்டதில்லை.

முத்தாரம்மாளுக்கு வேறு பாடு. அவள் பூரண சைவம். மகனுக்காக வீட்டு எல்லைக்குள் இறைச்சியை அனுமதித்ததே பெரிய காரியம். ஷெட் பின்னாலேயே இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஷெட்டைத் திறக்கவே கூடாது. தாசம்மாளுக்குத் தேயிலைத்தண்ணி துணி துவைக்கிற கல் மேல் வைக்கப்படும், அவள் குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவி அங்கேயே கவிழ்த்துவிட வேண்டும். தாசம்மாள் இதில் ஒரு குறையும் காணவில்லை. லிபி ஒரு நாள் அந்தத் தம்ளரைப் பார்த்துக்கொண்டே நின்றாள், ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தது அந்த ஒரு நாள்தான் இருக்கும்.

இந்த வெள்ளிக்கிழமை விதியில்தான் சிக்கல் வந்தது.

ஹீட்டர் கம்பிக்குள் ஒரு வெள்ளைப் பொடி அடைத்திருப்பார்கள். ஒரு நாள் சும்மா கிடந்தால், ஐப்பசித் துலாமழை ஈரத்தை அது குடித்துக்கொள்ளும். மறுநாள் போட்டதும், சூடேறி ஈரம் காயும்வரை, கொஞ்சம் கரண்ட் பெட்டியின் உடம்புக்குக் கசியும். கசிந்தால் உடனே வெட்டிவிட வீட்டில் ஈ.எல்.சி.பி. என்று ஒரு காவல்காரப் பெட்டி உண்டு. கரண்ட் ஆளைக் கொல்லும் முன்னால் அது தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். சனிக்கிழமை தோறும் அனீஷ் ஸ்விட்ச் போட்ட மாத்திரத்தில் அது 'டக்' என்று விழுந்தது. வீடே இருண்டது. சாமி ரூமில் பகவதி படத்துக்கு மேல் எப்போதும் எரியும் சிவப்பு பல்பும் போயிற்று.

"சனிக்கிழமை சனிக்கிழமை அணையுதுன்னா அதுக்கு ஒரு அர்த்தம் இருக்குல்லா" என்றாள் முத்தாரம்மாள்.

"அர்த்தம் வெள்ளிக்கிழமை ஆன்ட்டி. வெள்ளிக்கிழமையும் கொஞ்ச நேரம் சூடு காட்டி வச்சா சனிக்கிழமை அணையாது" என்றாள் லிபி.

சொன்னது சரி. சொல்லியிருக்கக்கூடாத இடம். முத்தாரம்மாள் அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

பிறகு கம்பெனி லிபியைக் கொல்லத்தில் ஒரு ஆஸ்பத்திரி வேலைக்கு அனுப்பிவிட்டது. அங்கேயே தங்கி வேலை. ராத்திரி ராத்திரி அம்மாவிடம் போனில் பேசினாள். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். வேலை எப்படி, ஒரு கொறையும் இல்ல. அது முடிந்து இன்று, சனிக்கிழமை காலை, ரயிலை விட்டு இறங்கியவள், அறைச் சாவியை அம்மாவிடம் வாங்கிக்கொண்டு போகலாம் என்று நேரே கரமனைக்கு வந்தாள்.

ஷெட்டில் தாசம்மாள் ரப்பர் செருப்போடு நின்றாள். ஈரத்தரையில் எப்போதும் வெறுங்காலோடு நடப்பவள். கையில் ஒரு மரக்கம்பு. அந்தக் கம்பை விட்டு நெம்பி, பெட்டியின் கதவைத் திறந்துகொண்டிருந்தாள்.

"என்னம்மா இது, கையால தொறக்க வேண்டியதானே?"

"சூடு மக்கா."

லிபி கண்ட்ரோலரைப் பார்த்தாள். அப்போதுதான் போட்டிருந்தது. உள்ளே இன்னும் சூடே ஏறவில்லை.

"எங்க சூடு?"

லிபி தோள்பையிலிருந்து டெஸ்டரை எடுத்துக் கதவின் விளிம்பில் வைத்தாள். அதன் வயிற்றுக்குள் இருந்த சின்ன விளக்கு செக்கச்சிவப்பாக எரிந்தது. பெட்டியின் பக்கத்தில் வைத்தாள், எரிந்தது. சாசேஜ் தொங்கும் கம்பியில் வைத்தாள், எரிந்தது. அவள் கட்டிய பெட்டி, அடியிலிருந்து நுனிவரை.

ஒரே எட்டில் போய் ஸ்விட்சை அணைத்தாள்.

"எத்தனை நாளா?"

"கொஞ்ச நேரந்தான் மக்கா. அட்டை கடிச்சமாரி சுருக்குங்கும். பொறவு சூடு கேறுனா விட்டுரும். நான்தான் கம்பு வச்சிருக்கேன்லா."

"எத்தனை நாளான்னு கேட்டேன்."

"நீ கொல்லத்துக்குப் போனதுக்குப் பொறவு."

"என்ட்ட ஏன் சொல்லல? தெனமும் போன்ல பேசினோமே."

"சொன்னா உன் மிஷினு கேடுன்னுல்லா இவிய சொல்லுவாவ" என்றாள் தாசம்மாள், எளிமையாக, அதில் என்ன சந்தேகம் என்பது போல.

அம்மாவை அறையலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று லிபிக்குத் தெரியவில்லை. இரண்டும் செய்யாமல் வயரைப் பிடித்துக்கொண்டு போனாள். சுவரில் புதிதாக ஒரு வயர் ஓடியது. "சாமி பல்பு அணையப்படாதுன்னு வேற லைன் இழுத்திருக்கு மக்கா" என்றாள் தாசம்மாள் பின்னாலிருந்து. வீட்டுப் போர்டுக்குப் போகவில்லை. நேரே மீட்டர் பெட்டிக்குள் போய், காவல்காரப் பெட்டியைத் தொடாமலே, அதற்கு முன்னாலேயே கரண்டை எடுத்துக்கொண்டு வந்திருந்தது. அதுவும் இரண்டே வயர். பெட்டியின் உடம்பிலிருந்து கசியும் கரண்ட்டை மண்ணுக்குக் கொண்டுபோக லிபி மெனக்கெட்டு மாட்டியிருந்த பச்சை வயர், பிளக்கில் ஒன்றுமில்லாத ஓட்டையில் போய் நின்றது. மண்ணுக்குப் போக இந்த ஷெட்டில் அம்மாவின் உடம்பை விட்டால் வேறு வழியே இல்லை.

மீட்டர் பெட்டிக்கு முன் நின்று அவள் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும்போது அனீஷ் பல் குச்சியைக் கடித்துக்கொண்டே வந்தான்.

"ஆ, லிபி வந்தாச்சா? ஏன் ஆஃப் பண்ணினே? இன்னைக்கு ரெண்டு லோடு போகணும். கிறிஸ்மஸ் ஆர்டர் இப்பவே கேறிட்டு இருக்கு."

"இது யாரு இழுத்த லைன்?"

"நம்ம அழகியநம்பி அண்ணன். இந்த வீட்டு வயரிங் எல்லாம் அவருதான்."

"அனீஷ் சேட்டா, பெட்டி முழுக்க கரண்ட் நிக்குது. அம்மாவுக்கு அடிக்குது."

"சின்ன லீக்கேஜ் அல்லே. நீயே பறஞ்சிருக்கியே, ஈரம்னு."

"ஈரம்தான். அதுக்குத்தான் அது வெட்டணும். நான் இன்னைக்கே தனியா ஒரு ஈ.எல்.சி.பி. வாங்கிட்டு வந்து இந்த லைன்ல மாட்டுறேன். மண்ணுல ஒரு கம்பி அடிச்சு எர்த் கொடுத்துருறேன். மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும். சாமி ரூமுக்கு இதுல ஒரு சம்பந்தமும் வராது."

அனீஷ் பல் குச்சியைத் துப்பினான். சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. கூட்டாளியிடம் மனம் விட்டுப் பேசுகிற சிரிப்பு.

"அப்போ அது ட்ரிப் ஆகும். பாதி வெந்ததுல நிக்கும். போன மாசம் ஒரு லோடு அப்படியே குப்பைக்குப் போச்சு, அறியோ? ட்ரிப் ஆகாம இருக்கத்தானே லிபி வேற லைன் எடுத்ததே."

"சாமிக்காகன்னு சொன்னதா எங்கம்மா சொன்னாங்க."

"அம்மைக்கு அது, எனக்கு இது. ரெண்டு பேருக்கும் கொள்ளாம், நல்லதுதானே." தோளைக் குலுக்கினான். "கிறிஸ்மஸ் கழியட்டும். நீ சொன்னபடி எல்லாம் செஞ்சுரலாம். அதுவரை ஒரு ரப்பர் மேட் வாங்கிப் போடலாம். டென்ஷன் அடிக்காதே."

அப்போதுதான் லிபிக்கு விஷயம் முழுதாக விளங்கியது. தனியாக ஒரு காவல்காரப் பெட்டியை மாட்டினாலும் பிரயோஜனமில்லை. இரண்டு சனிக்கிழமை அது விழுந்தால், மூன்றாவது சனிக்கிழமை அழகியநம்பி வந்து அதைச் சுற்றி ஒரு வயர் போட்டுவிட்டுப் போவான். இந்த வீட்டில் யாரும் கழற்றத் துணியாத லைன் ஒன்றே ஒன்றுதான் உண்டு, சாமி ரூம் லைன்.

ஷெட்டில் நின்ற அம்மாவிடம் அதைச் சொல்லிவிட்டு அவள் அடுக்களைப் பக்கம் நடந்தாள். அப்போதுதான் தாசம்மாள் கையைப் பிடித்தது, அவள் உதறியது.

"நீ என்ன சொன்னேன்னு இன்னொருக்கா சொல்லு" என்றாள் முத்தாரம்மாள் இப்போது, கத்தியைப் பலகையில் வைத்துவிட்டு.

லிபி திரும்பச் சொன்னாள். அம்மாவுக்குக் கரண்ட் அடிப்பதையும், ஏன் அடிக்கிறது என்பதையும் சொன்னாள். முத்தாரம்மாள் கேட்டாள், கேட்கத்தான் செய்தாள்.

"உன் அம்மைக்கு அடிக்குதுன்னா அது சங்கடம்தான். ரிப்பேர் பண்ணு. ஆனா எறச்சியும் சாமியும் ஒரே கம்பிலயா? நல்லா இருக்கே கதை."

"கம்பி ஒண்ணுதான் ஆன்ட்டி. போஸ்ட்ல இருந்து இந்த வீட்டுக்கு வாறது ஒரே கம்பி. முக்குல இருக்க கோழிக்கடைக்கும் அதுலதான் போகுது. கோழிக்கடை ஃப்ரிட்ஜ்ல ஓடறதும் பகவதி பல்புல எரியறதும் ஒரே கரண்ட்டுதான்."

"தெருவுல போறது தெருவோட. நட தாண்டினா என் வீடு." முத்தாரம்மாளின் குரல் ஏறவில்லை, இறங்கியது. "உனக்கென்னட்டி தெரியும். இந்த ஷெட்டு வந்த பொறவு என் நாத்தனாரு இங்க பச்சத்தண்ணி குடிக்கதில்ல. வடிவீஸ்வரத்துல சொந்தத்துல கல்யாணம் வந்தா எனக்கு எல கடைசிப் பந்தியில. மகன் பிழைக்கணும்னு எல்லாம் பொறுத்தாச்சு. எனக்குன்னு மிஞ்சினது அந்த ஒரு ரூமு. அதையும் கொண்டு எறச்சியோட கட்டணுமா? இத்தன லைன் உண்டே, அதேதான் வேணுமா உனக்கு?"

"அதேதான் வேணும்."

"ஏன்?"

"அந்த பல்பு அணைஞ்சா இந்த வீட்டுல எல்லாரும் ஓடி வாறீங்க ஆன்ட்டி. எங்கம்மா விழுந்தா யாரு ஓடி வருவா? ரெண்டையும் ஒரே லைன்ல போட்டாத்தான், எங்கம்மா விழறதுக்கு முன்னாடி உங்க பல்பு அணையும்."

ஒரு நொடி முத்தாரம்மாளின் பார்வை லிபியைத் தாண்டி ஷெட்டின் பக்கம் போனது. அந்த ஒரு நொடி நீண்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. பின்னாலிருந்து அனீஷ் வந்துவிட்டான். போனை நீட்டிக்கொண்டே வந்தான், ஸ்பீக்கரில் அழகியநம்பியின் குரல்.

"எந்தா பிரஸ்னம்? ஆ, அந்தப் பிள்ளையா. மக்கா, நான் முப்பது வருஷமா வயரைக் கடிச்சு உரிக்கிறவன். ஈரத்துல கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும், அது ஷாக்கு இல்ல. ஒரு சாக்கை மடிச்சுக் கால்ல போட்டா தீர்ந்தது."

"அண்ணாச்சி, நீங்க வந்து வெறுங்காலோட ஈரத்தரையில நின்னு அதைத் தொட்டுக் காட்டுங்க. நான் வாயை மூடிக்கிறேன்" என்றாள் லிபி.

"நான் இப்போ பாப்பனங்கோட்டுல ஒரு சைட்ல நிக்கேன். மத்தியானம் கழிஞ்சு வாறேன்" என்றது போன்.

"எந்தினா லிபி இந்தச் சத்தம்?" அனீஷ் போனை அணைத்தான். "ஆளுட்டயே கேட்டுரலாமே. தாசம்மா சேச்சி, இங்க வா ஒரு மினிட்."

தாசம்மாள் ஷெட்டிலிருந்து வந்தாள். கையில் உப்பும் மிளகும் ஒட்டியிருந்தன. முந்தானையில் துடைத்துக்கொண்டு துணி துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

"சேச்சிக்கு அந்த மிஷின் பக்கம் நிக்க பேடி உண்டோ? உண்டுன்னா இப்பவே நிப்பாட்டிருவோம். உள்ளத உள்ளபடி சொல்லணும்."

எல்லாரும் அவளையே பார்த்தார்கள். தாசம்மாள் யாரையும் பார்க்கவில்லை.

"பயமெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி. சின்னப் பிள்ள, படிச்சதுனால எல்லாத்துக்கும் பயப்படுது. நீங்க ஒண்ணும் மனசுல வைக்காதீங்க அம்மா."

"கேட்டியா" என்றாள் முத்தாரம்மாள். நிம்மதியோடு கத்தியைக் கையில் எடுத்தாள். "படிப்பு வேணும்தான். அதுக்கு இத்தன வாய் ஆகாது."

அனீஷ் ஷெட்டுக்குள் போனான். ஸ்விட்ச் போடும் சத்தம் கேட்டது.

லிபி ஓடவில்லை. நடந்துதான் போனாள். போய் மீட்டர் பெட்டியில் அந்த லைனின் ஃபியூஸைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து, ஷெட்டுச் சுவரில் ஓடிய அந்த இரட்டை வயரை ஒரு முழம் விட்டு ஒரு முழமாக வெட்டினாள். துண்டுகள் கீழே விழுந்தன. அனீஷ் வெளியே வந்து பார்த்தபோது அவள் கடைசித் துண்டில் இருந்தாள்.

"உனக்குப் பிராந்து பிடிச்சிருக்கா? உள்ள எவ்வளவு எறச்சி நிறைச்சு வச்சிருக்கு, அறியோ உனக்கு?"

"அறியும். நிறைச்சது எங்கம்மா."

"நம்பி அண்ணன் மத்தியானம் வந்து மாட்டுவாரு. அப்புறம் இந்த நடையில நீ கால் வைக்கக்கூடாது. ரெண்டு பேரும்."

சொன்ன பிறகுதான் அவனுக்கே அது கொஞ்சம் அதிகம் என்று பட்டது போல. முகத்தைத் திருப்பிக்கொண்டு போனை நோண்டினான். தாசம்மாள் அந்த 'ரெண்டு பேரும்' என்பதைத்தான் கேட்டாள். மெல்ல வந்து மகளின் பக்கத்தில் நின்றாள்.

"திருப்தியாச்சா உனக்கு?"

"எதுக்கும்மா அப்படிச் சொன்ன? பயம் இல்லன்னு."

"கிறிஸ்மஸ் கழிஞ்சா செஞ்சு தாறேன்னு அந்தத் தம்பி சொல்லுச்சுல்லா. அதுவர நான் பாத்து நின்னுக்குவேன். லயத்துல மழைக்குக் கூரை ஒழுகி, ஈரத்துலதான் உன்ன வளர்த்தேன், செத்தா போனேன்?" குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நீயும் நானும் இப்பதான் ஒரு வீட்டுல இருக்கோம் மக்கா. நான் திரும்பி மேல மலைக்குப் போணுமா? உள்ள போயி அந்த அம்மாட்ட ஒரு வார்த்த மாப்புச் சொல்லிரு. அவிய நல்லவியதான்."

லிபி அம்மாவின் கையை எடுத்துப் பார்த்தாள். உள்ளங்கையில் ஒன்றும் இல்லை. கரண்ட் அட்டை மாதிரி ரத்தம் காட்டாது. அந்தக் கையால் தன் பெட்டியை அம்மா தினமும் தொட்டதை நினைத்தாள். தன் மகள் செய்தது கெட்டது என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே என்று, கம்பை வைத்துத் திறந்து, கம்பை வைத்து மூடி.

"சாவியைக் குடு" என்றாள்.

தாசம்மாள் இடுப்பிலிருந்து அறைச் சாவியை எடுத்துக் கொடுத்தாள். மகள் அறைக்குப் போய்ப் படுக்கப்போகிறாள், கோபம் ஆறட்டும் என்று நினைத்திருப்பாள். லிபி சாவியைப் பைக்குள் போடவில்லை. திரும்ப அம்மாவின் உள்ளங்கையிலேயே வைத்து விரல்களை மடக்கிவிட்டாள்.

"நீ போய் அறையில இரு. நான் வர நேரமாகும்."

"எங்க போற?"

அனீஷும் நிமிர்ந்து பார்த்தான். "ஆமா, எங்க போறே?"

"கரண்ட் ஆபீஸுக்கு. மீட்டர் பெட்டி போட்டோ எல்லாம் இதுல இருக்கு. காவல் இல்லாம லைன் இழுத்திருக்குன்னு எழுதிக் கொடுக்கப்போறேன். அதுல ஓடற மிஷினு நான் கட்டினதுன்னும் எழுதப்போறேன். இப்ப அது ஆளைக் கொல்லும்னும்."

"லிபி, நில்லு. நாம பேசலாம். நீயே உன் பேரைக் கொண்டு போய்..." அனீஷின் குரலில் முதல் தடவையாகக் கலக்கம் தெரிந்தது. "இன்னைக்கே ஈ.எல்.சி.பி. மாட்டலாம், போதாதா?"

"ஒரு மணி நேரம் முன்னாடி இதைத்தான் நான் கெஞ்சினேன்."

"அதுதான் இப்போ சரின்னு பறயறேனே."

"இப்போ சரிம்பீங்க. மூணாவது சனிக்கிழமை கழட்டுவீங்க."

அவன் இல்லை என்று சொல்லவில்லை. அதைக் கவனித்துக்கொண்டாள். அது போதும்.

ஆபீஸிலிருந்து ஆள் வந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வீட்டு இணைப்பில் வியாபாரம் நடக்கிறது என்று முதலில் அதைப் பிடிப்பார்கள். ஷெட்டுக்குச் சீல் விழும். கிறிஸ்மஸ் ஆர்டர் போகும். முத்தாரம்மாள் வீட்டு வாசலில் சர்க்கார் ஜீப் நின்ற கதை வடிவீஸ்வரம்வரை போகும். அவள் கையால் செய்த ஒரே பொருளைக் கழற்றி, ஒரு மூலையில் போட்டு, 'அபாயம்' என்று ஒட்டுவார்கள். கம்பெனிக்குத் தெரிந்தால் அவள் வேலையும் ஆட்டம் காணும். அம்மா துணிமணியைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறுவாள். ஏறும்போது மகளோடு ஒரு வார்த்தை பேசமாட்டாள். மாசக்கணக்கில் பேசமாட்டாள். பேசாமல் இருக்கவாவது அம்மா இருக்க வேண்டும் அல்லவா.

லிபி தோள்பையை ஏற்றிப் போட்டுக்கொண்டாள். வயர்த் துண்டுகளைத் தாண்டி, வீட்டின் பக்கவாட்டுச் சந்து வழியாக நடந்தாள். அடுக்களை ஜன்னலில் முத்தாரம்மாள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். லிபியும் பார்த்தாள்.

"ஏ பிள்ளே" என்று பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. "ஏ பிள்ளே, லிபி, நில்லுட்டி. நான் சொல்லதக் கேளு."

மழை தூறத் தொடங்கியிருந்தது. லிபி கேட்டைத் திறந்தாள். ரோட்டில் இறங்கி, வலது பக்கம் திரும்பி, நடந்தாள்.